பேரேட்டில் ஒரு குடும்பம்
நகரத்தார் வீட்டுக் காகிதங்களும் பர்மா நிலமும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்னும் நகரத்தார் வசம் இருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர். அந்த மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் அது 6 சதவீதம். 1938இல் அது கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர் ஆகிவிட்டது. நான்கில் ஒரு பங்கு. எட்டு ஆண்டுகளில் இவ்வளவு நிலம் கைமாறியதற்கு ஆசிய வரலாற்றில் ஒப்பு சொல்வது கடினம்.

அந்த நிலத்துக்கு உரியவர்களில் பலர் அந்த வயல்களில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று மதுரைக்குக் கிழக்கே விரியும் வறண்ட சமவெளிதான் அவர்கள் ஊர். மேலூரும் திருப்பத்தூரும் தாண்டிப் போனால், மழை பெய்தால் கண்மாய், பொய்த்தால் பொட்டல் என்று கிடக்கும் பூமி. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இந்தச் செட்டிநாட்டுச் சீமை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1906இல் வெளிவந்த ஆங்கிலேய அதிகாரி பிரான்சிஸின் மதுரை மாவட்ட விவரச்சுவடி நகரத்தாரைப் பற்றிப் பேசுவதும் அதனால்தான்.

ஏக்கர் கணக்கு அரசு அறிக்கைகளில் இருக்கிறது. அந்த ஏக்கர்கள் எப்படி வந்தன, எந்த வீட்டுக் கல்யாணப் பணம் எந்த வயலாக மாறியது, போனபோது யார் எதை இழந்தார்கள் என்பது அங்கே இல்லை. அவையெல்லாம் செட்டிநாட்டு வீடுகளின் மரப்பெட்டிகளில் இருக்கின்றன, அல்லது இருந்தன. இந்த உரை அந்தக் காகிதங்களைப் பற்றியது.

வேண்டாத நிலம்

செட்டியார்கள் பர்மாவுக்குப் போனது நிலம் வாங்க அல்ல. 1852 போருக்குப்பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாகின. வயலாக்க வந்த குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் ஏற்றுமதி வணிகரோடு நின்றுகொண்டன. சேற்றில் நிற்பவனுக்குக் கடன் கொடுக்க அவை தயாராக இல்லை. அந்த இடத்தை வட்டிக்கடைகள் பிடித்தன. 1930இல் அறிக்கை தந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நாடு முழுவதும் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருப்பதாகவும் அவற்றில் புரளும் பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த முதல்.

வட்டிக்கடைக்காரருக்கு நிலம் ஒரு தொல்லை. பணம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றில் முடங்கிய பணம் வட்டி ஈனாது. நிலம் ஈடாக இருந்தால் போதும், உடைமையாக வேண்டாம் என்பதே கடை வழக்கம். 1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. அசலை விடுங்கள், வட்டியே வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தனர். கடன் திரும்பாத இடத்தில் ஈடு மட்டும் மிஞ்சியது. இப்படித்தான் 6 சதவீதம் 25 சதவீதமானது. ஏற்கெனவே நிலத்தை இழந்த பர்மியக் குடியானவர், நேற்றுவரை தம்முடையதாக இருந்த வயலில் குத்தகைக்காரராக நின்றார். அவர் பார்வையில் செட்டியார் நில அபகரிப்பாளர். செட்டியார் பார்வையில் அது விற்க முடியாத சரக்கு. இரண்டும் ஒரே பத்திரத்தின் இரு பக்கங்கள்.

பெட்டகசாலையில் என்ன இருந்தது

நகரத்தார் வீட்டின் முகப்பையும் வளவையும் பார்த்தவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பேசுவார்கள். இந்த உரைக்கு வேண்டியது உள்ளே, இரட்டை வீட்டு அறைக்குள் இருக்கும் பெட்டி. அப்படி ஒரு பெட்டியில் பொதுவாக எவை எவை கிடக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் பேரேடு. தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் சிவமயம், பிறகு தமிழ் ஆண்டின் பெயர். கடையின் பெயராக நிற்பது விலாசம்: தாத்தா, அப்பா, தன் பெயர் என்று வரிசையாக வைத்த முதலெழுத்துகள். விலாசத்தைப் பார்த்தே இவர் யார் பேரன், எந்தக் கோயில் பிரிவு என்று இன்னொரு செட்டியார் சொல்லிவிடுவார். தொகைகள் தமிழ் எண்களில் இருக்கும். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்கள் இறங்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், பற்றும் வரவும் எதிரெதிரே. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் திரட்டி எடுப்பது ஐந்தொகை.

அந்தப் பக்கங்களில் கடன்காரர் மட்டும் இல்லை. மேம்பணம் என்னும் வைப்பைப் போட்ட பங்காளி இருப்பார். கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பணம், வட்டியோடு வளர்வதற்காகக் கடையில் கிடக்கும். அது ஆச்சிமார் பணம். பக்கத்திலேயே தண்டாயுதபாணிக்கும் ஒரு கணக்கு ஓடும். மகமையாகச் சேர்ந்த பணம் சாமி பெயரில் வரவாகி, மற்றவர் பணம்போலவே வட்டிக்குப் போய்வரும். ரங்கூன் முகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் செட்டியார்கள் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். பக்தியும் பணச்சந்தையும் ஒரே கூடத்தில் நடந்தன. சிங்கப்பூரில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலும் இதே மரபைச் சேர்ந்தது.

அடுத்து சம்பளச் சீட்டு. முதலாளி ஊரில் இருக்க, கடையை நடத்தியவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சீட்டு எழுதுவார்கள். சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தக் கப்பலில் போவது, திரும்பி வந்து கணக்கு ஒப்படைப்பது எப்போது என்பதெல்லாம் அதில் அடங்கும். மனைவி ஊரில். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் போகும். அதே கடிதத்தின் பின்பாதியில் இந்த மாதம் யாரிடம் வசூல் நின்றுபோனது என்று கேள்வி இருக்கும். சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்து, பிற்காலத்தில் மதுரையில் தினத்தந்தியில் பணிபுரிந்த ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் காட்டியது இந்த ஆட்களின் உலகத்தைத்தான்.

மூன்றாவது கட்டு, கல்யாணக் காகிதங்கள். இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம், மொய்ப்பண ஏடு, சீர்சாமான் பட்டியல், சுவீகாரப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம். வெள்ளிக் குடத்திலிருந்து சுளகுவரை எண்ணி எழுதிய பட்டியலைப் பார்த்தால் அது பெண்வீட்டுப் பெருமைக் கணக்கு என்று தோன்றும். பேரேட்டோடு சேர்த்து வைத்துப் படிக்கும்போதுதான், கல்யாணத்தில் கைமாறிய ரொக்கம் அடுத்த வைகாசியில் பர்மாவில் ஒரு கடைக்கு முதலாக ஏறியிருப்பது தெரியும். மகன் கல்யாணமானதும் தனிக் குடும்பமாக வேறு வைக்கப்பட்டு ஒரு புள்ளியாகிறான். கோயிலில் அவன் பெயருக்கு வரி ஏறுகிறது. கடையில் அவன் பெயருக்கு ஒரு பக்கம் திறக்கிறது. குடும்பம் பெருகுவதும் முதல் பெருகுவதும் ஒரே கையெழுத்தில் பதிவாயின.

இந்த உரை வலியுறுத்த விரும்புவதும் இதையே. கணக்கை ஒரு பக்கம், கல்யாணக் காகிதத்தை ஒரு பக்கம், கடிதத்தை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் மூன்றும் ஊமையாகிவிடும்.

இன்னும் பழைய ஆவணங்களும் உண்டு. பழனியில் 17ஆம் நூற்றாண்டில் நகரத்தார் செய்த அறங்களைச் சொல்லும் பட்டயங்களைக் கொண்டு, உப்பு விற்ற குமரப்பன் முதலான உள்நாட்டு வணிகர்களின் கதையை டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1987இல் எழுதினார். 1994இல் அவர் வெளியிட்ட நூல், செட்டியார் குலமும் மூலதனமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்று காட்டியது. கடற்கரை உப்பை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோன கூட்டம் பிற்காலத்தில் ரங்கூனுக்குப் பணம் கொண்டுபோனது தற்செயல் அல்ல என்பது இத்தகைய ஆவணங்களால்தான் நிறுவப்பட்டது.

கூப்பர்ஸ்டவுன் காகிதங்கள்

இப்படிச் சேர்த்துப் படிப்பதற்குக் கடல் தாண்டி ஓர் ஒப்பீடு. வில்லியம் கூப்பர், 1754இல் பிலடெல்பியா அருகே பிறந்தவர். வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலில் தொடங்கியவர். அமெரிக்கா விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், நியூயார்க் மாநிலத்தின் ஒட்சேகோ ஏரிக்கரையில் பெரும் காட்டு நிலத்தைக் கைப்பற்றினார். 1786இல் அதைத் துண்டு துண்டாகக் குடியேறிகளுக்குத் தவணைக் கடனில் விற்றார். தன் பெயரிலேயே கூப்பர்ஸ்டவுன் என்று ஓர் ஊர் எழுப்பினார். நீதிபதியானார், அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போனார். 1809இல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கடனும் வழக்கும் சேர்ந்து வாரிசுகளின் சொத்தைக் கரைத்தன. மகன் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் நாவலாசிரியரானார். 1823இல் வந்த அவரது ‘முன்னோடிகள்’ அப்பாவின் ஊரையே களமாகக் கொண்டது.

கூப்பர் வீட்டுக் கடிதங்களும் நிலக் கணக்குகளும் இன்று அதே வட்டாரத்தில் ஹார்ட்விக் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆலன் டெய்லர் என்ற வரலாற்றாசிரியர் அவற்றை மகனின் நாவலோடும் ஊர் ஆவணங்களோடும் வைத்துப் படித்து, ஒரு நில முதலீட்டாளரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதினார். 1996இல் அந்த நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நூலுக்கு அடியில் கிடப்பது, யார் எத்தனை ஏக்கர் வாங்கினான், எந்தத் தவணையில் நின்றுபோனான் என்ற கணக்குதான். கூப்பரைப் புகழ்ந்து பாட அந்தக் காகிதங்கள் பயன்படவில்லை. குடியேறிகளுக்கு முன்பு அந்த ஏரிக்கரை பூர்வகுடிகளுடையதாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இன்று அந்தக் கதை சொல்லப்படுகிறது.

செட்டிநாட்டுக்கும் ஒட்சேகோவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கூப்பர் நிலத்தைத் தேடிப் போனார். செட்டியாரைத் தேடி நிலம் வந்தது. கூப்பர் தனி ஆள். செட்டியார் ஒரு குலவலை. ஆனால் இருவர் கதையும் ஒரே வகைக் காகிதத்தில் இருக்கிறது. ஒன்று கல்லூரிக் காப்பகத்தில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கிறது. மற்றது பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகிறது.

1942, 1948, 1964

செட்டிநாட்டுக் காகிதங்கள் சிதறியதில் முதல் அடி போர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். நடைப்பயணத்தில் பேரேட்டைச் சுமக்க முடியாது. பல கடைகளின் கணக்கு அங்கேயே அழிந்தது. ஊருக்கு அவ்வப்போது அனுப்பியிருந்த ஐந்தொகைப் படியும் கடிதமும் மட்டுமே மிஞ்சின. அதனால்தான் செட்டிநாட்டு வீட்டில் இருக்கும் படிக்கு மூலத்தின் மதிப்பு வந்துவிடுகிறது.

அதற்கு முன்பே கடைகளின் அடித்தளம் ஆடத் தொடங்கிவிட்டது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1939இல் குத்தகைச் சட்டமும் 1941இல் நில உரிமை மாற்றச் சட்டமும் வந்தன. 1948 ஜனவரி 4இல் பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டிலும் 1953இலும் நில தேசியமயச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிறகு ராணுவத் தளபதி நே வின் ஆட்சி. கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மிச்சமிருந்தவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது.

முன்கூட்டியே உள்ளூருக்குத் திரும்பிய பணம் வேறு கதை. கருமுத்து தியாகராசர் செட்டியார் மதுரையில் மீனாட்சி மில்லை நிறுவினார். 1943இல் மதுரா வங்கியையும் 1949இல் தியாகராசர் கல்லூரியையும் தொடங்கினார். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் திறந்தார். அந்த மூன்று ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு நூற்றாண்டின் பணப்பாதை தெரிந்துவிடும்.

மதுரைச் சமவெளியின் பழைய நிலவுடைமையாளர்களான ஜமீன்தார்களின் காகிதங்களுக்கு வேறு தலைவிதி. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1863இல் கட்டம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ராமநாதபுரத்துத் தத்து வழக்கில் 1868இல் தீர்ப்பு வந்தது. சண்டை போட்ட குடும்பங்களின் ஆவணங்கள் நீதிமன்றக் கட்டுகளில் தங்கின. பிற்கால ஆய்வாளர்களுக்கு அவை கிடைத்தன. செட்டியார்களும் வழக்காடியவர்கள்தாம். ஆனால் தங்களுக்குள் வரும் பல தகராறுகளைக் கோயிலிலும் பெரியவர்கள் முன்னிலையிலும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஒற்றுமையாக இருந்த வீட்டின் காகிதம் வீட்டிலேயே தங்கி, கரையானுக்கு இரையானது.

தூணுக்கு விலை, ஏட்டுக்கு எடை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால், இடித்த வீடுகளின் தூண், கதவு, எனாமல் தூக்கு, கண்ணாடிப் படம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருப்பது தெரியும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. வீடுகள் விடுதிகளாகின்றன. கட்டடத்தைக் காப்பதற்குக் கட்டடக்கலைஞர்கள் வருகிறார்கள். மேல்மாடியில் கிடக்கும் பேரேட்டைக் காப்பதற்கு யாரும் வருவதில்லை. வீடு விடுதியாகும் வாரத்தில்தான் பெரும்பாலும் அறைகள் காலி செய்யப்படுகின்றன. தூண் நிற்கிறது, காகிதக் கட்டு வெளியேறுகிறது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, பழைய நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பு என்று ஒன்றையும் ஒதுக்காமல் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தமிழ் ஆய்வாளர் யாரும் அந்தப் படியேறாமல் இருக்க முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழகக் கிராம வீடுகளில் இருந்த நிலப் பத்திரங்களையும் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் படமெடுத்தது. மூல ஆவணங்கள் இங்கேயே இருக்க, படிகள் உலகெங்கும் வாசிக்கக் கிடைக்கின்றன. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும், அவர் வீட்டில் 1846இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டிராவிட்டால் வெளிவந்திருக்காது.

காகிதங்களை வெளியே தரக் குடும்பங்கள் காட்டும் தயக்கம் நியாயமானதே. பேரேட்டில் பழைய கடன் இருக்கும். பாகப்பிரிவினைப் பூசல் இருக்கும். தத்துக்குக் கைமாறிய பணம் இருக்கும். வெளியே தெரிந்தால் வழக்கு வருமோ, வரித்துறை வருமோ, பேர் கெடுமோ என்ற அச்சம் இருக்கும். இதற்கெல்லாம் காப்பகங்களில் வழி உண்டு. இன்ன ஆண்டுவரை மூடி வைக்கவும் என்று நிபந்தனை எழுதிக்கொடுக்கலாம். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு படத்தை மட்டும் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர் பெயரை மறைக்கச் சொல்லலாம்.

இந்தக் காகிதங்களுக்கு உரிமை கொண்டாட இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பேரேட்டின் பல பக்கங்களில் ஒரு பர்மியக் குடியானவர் இருக்கிறார்: பெயர், ஊர், ஏக்கர், ஈடு, சில இடங்களில் பெருவிரல் ரேகை. அந்தக் குடியானவரைப் பற்றி ஊரோடு பெயரோடு எழுதிவைத்த ஒரே குறிப்பு சில சமயம் தேவகோட்டை வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். டெல்டாவின் நில வரலாற்றை எழுத வரும் மியன்மார் ஆய்வாளருக்கும் அது வேண்டும். தங்கள் பணம் எங்கே போய் என்ன செய்தது என்று கேட்கும் செட்டிநாட்டுப் பேத்திகளுக்கும் அது வேண்டும்.

மதுரையில் செய்யத்தக்கவை சில உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கம் ஏடு தேடிக் காத்த ஊர் இது. காமராசர் பல்கலைக்கழகம், அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி ஆகியவை சேர்ந்து, தமிழ் எண்ணும் பின்னமும் பேரேட்டு முறையும் படிக்கக் கற்றுத்தரும் ஒரு குறுகிய பயிற்சியைத் தொடங்கலாம். அந்த எழுத்தைத் தடையின்றி வாசிக்கும் முதியவர்கள் செட்டிநாட்டு ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக அழைத்து மதிப்பூதியம் தரலாம். வீடு விற்பதற்கோ விடுதியாக்குவதற்கோ முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பில் வந்து நிற்கும் சிறு குழு ஒன்று வேண்டும். அந்தக் குழு போகும் வீட்டில், கணக்கைத் தனியே கல்யாணக் காகிதத்தைத் தனியே எடுக்காமல், பெட்டி எப்படி அடுக்கியிருந்ததோ அப்படியே முதலில் படமெடுக்க வேண்டும். எந்தக் கடிதம் எந்தப் பேரேட்டுக்குள் செருகியிருந்தது என்பதும் ஒரு தகவல். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டுக்கான தொகையில் ஒரு பகுதியை அந்தப் பயிற்சிக்கு ஒதுக்கினால், முதல் வகுப்பை வரும் தை மாதத்தில் மதுரையிலேயே தொடங்கிவிடலாம்.